வெளிச்சம் எந்தப் பக்கம்?

பிசியோதெரபி கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நர்சுக்குப் படித்தவள் இல்லை. ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ரகம். வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவது, முழங்கால்காரரை உள்ளறைக்கும் கழுத்துக்காரரைப் பக்கத்து அறைக்கும் அனுப்புவது, போனை எடுப்பது, அவ்வளவுதான் அவள் வேலை. சேர்ந்த புதிதில் யாரோ ஓர் இடுப்புவலிக்காரர் "சிஸ்டர்" என்று ஆரம்பித்து வைத்தார். அது பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. நாளடைவில் டாக்டரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் காலை டாக்டர் ஹாலின் நடுவில் நின்று மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தொட்டியில் பழுப்பு நிறக் குச்சி ஒன்று நட்டுக்கொண்டு நின்றது. ஒரு காலத்தில் அது செடி.

"சிஸ்டர், உள்ள வர்றவங்க முதல்ல இதைப் பாக்கறாங்க. அப்புறம் என்னைப் பாக்கறாங்க. இவர்கிட்ட குடுத்தா நம்ம காலும் இப்படித்தான் ஆகும்னு நினைக்க மாட்டாங்களா?"

"தூக்கிப் போட்டுடவா டாக்டர்?"

"போட்டுட்டு வேற வாங்கிட்டு வாங்க. ஆனா பராமரிப்பே கேக்கக் கூடாது. தண்ணி, வெயில், உரம்னு நம்மளைப் படுத்தக் கூடாது. சாகவும் கூடாது."

"அப்படி ஒரு செடி இருக்கா?"

"இருக்குதாம். நீங்கதான் பாத்து வாங்கணும்."

எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் சிஸ்டர். அன்றே வந்தவர் போனவர் எல்லோரிடமும் விசாரிக்கத் தொடங்கினாள். தோள்பட்டை பிடித்துக்கொண்ட டீச்சர், "மணி பிளான்ட் வைங்க. பாட்டில் தண்ணியில போட்டாக்கூட பொழச்சுக்கும்" என்றாள். கழுத்தில் பட்டை போட்டிருந்த வங்கிக்காரர் தலையைத் திருப்ப முடியாமல் மொத்த உடம்பையும் அவள் பக்கம் திருப்பி, "அது எங்க ஆபீஸ்ல போன மாசம்தான் செத்துது. கற்றாழை வைங்க" என்றார். வாக்கர் பிடித்து நடந்து வந்த முழங்கால்காரர் அங்கேயே நின்றுவிட்டார். "கற்றாழையா? நான் தடுமாறி அது மேல விழுந்தா யாரு பொறுப்பு?"

சாயங்காலத்துக்குள் சிஸ்டரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. கேட்ட ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு செடி செழித்திருந்தது, ஒரு செடி செத்திருந்தது. ஒருவர் வீட்டில் செழித்ததுதான் இன்னொருவர் வீட்டில் செத்தது.

இதற்கிடையில் அவளுக்குள்ளும் ஓர் ஆசை முளைத்தது. மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிறகு, இரண்டு பேருக்கு எதற்குப் பெரிய வீடு என்று அவளும் கணவரும் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிமாறியிருந்தார்கள். அதிலும் ஓர் அறையை அவன் பெயர் சொல்லி ஒதுக்கி வைத்தாள். ஒரு கட்டில், ஒரு அலமாரி. எப்போது எட்டிப் பார்த்தாலும் அந்த அறை வெறிச்சென்று இருந்தது. ஜன்னல் ஓரம் இரண்டு செடி வைத்தால் அறைக்கு ஓர் உயிர் வருமே என்று தோன்றியது. காலையில் ஓடி இரவில் திரும்புகிறவளுக்குக் குழந்தை மாதிரிச் செடி வளர்க்க நேரமில்லை. டாக்டர் சொன்ன, சாகாத செடிதான் அவளுக்கும் தோது.

மறுநாள் இடைவேளையில் பக்கத்துத் தெரு நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரர் ஹோஸைக் கையில் பிடித்தபடியே பேசினார்.

"கிளினிக்குக்கா? வெளிச்சம் எப்படி?"

"ஜன்னலே கிடையாது. நாள் பூரா டியூப் லைட்டுதான்."

அவர் இரண்டு தொட்டிகளைக் காட்டினார். ஒன்று வாள் மாதிரி விறைத்து நின்ற மருள் செடி. இன்னொன்று மெழுகு தடவின மாதிரி இலை பளபளத்த, இசட் இசட் என்கிற செடி. "தண்ணி ஊத்தலைன்னு இது ரெண்டும் செத்ததே இல்லம்மா. ஊத்தி ஊத்திக் கொன்னவங்கதான் அதிகம். மண்ணு நல்லாக் காஞ்ச பிறகு கொஞ்சமா ஊத்துங்க, போதும். அதுக்காக இருட்டறையில வச்சுப் பூட்டிடாதீங்க."

"அப்படியே வீட்டுக்கும் ரெண்டு குடுங்க."

"வீட்டுல வெளிச்சம் எந்தப் பக்கம்?"

சிஸ்டர் வாயைத் திறந்தாள். "கிழக்குப் பக்கம்... இல்ல, கிழக்குன்னா சமையலறை. அந்த ரூம்..." என்று இழுத்தாள். கையைக் காற்றில் இப்படியும் அப்படியும் திருப்பி வீட்டின் வாசலைத் தேடினாள்.

"வெயில் நேரா விழுமா? எத்தனை நேரம் இருக்கும்?"

"தெரியலையே."

உண்மையாகவே தெரியவில்லை. கிளினிக்குக்கு ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. செவ்வாய் மட்டும்தான் விடுமுறை. அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு நாளும் பகலில் அதற்குள் இருந்ததில்லை. தன் வீட்டுக்கு மத்தியானம் என்று ஒன்று உண்டு என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒருநாள் மத்தியானம் இருந்து பாத்துட்டு வாங்கம்மா. செடி எங்க ஓடிப் போகப் போகுது?" என்றார் நர்சரிக்காரர். கிளினிக்குக்கு மட்டும் அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே டாக்டரிடம் அரைநாள் லீவு கேட்டாள். "எதுக்கு?" என்றார். "வீட்டுல வெளிச்சம் பாக்கணும்" என்றாள். டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மாடியேறி வந்து சாவியைப் போட்டாள். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

காலையில் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போனவள் அவள்தான். திருடனா? திருடன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டா திருடுவான்? வேறு யாரிடமும் சாவி இல்லை, கணவரைத் தவிர. அவரோ ஒரு கம்பெனி பஸ்ஸின் டிரைவர். விடியற்காலையில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவார், சாயங்காலம் ஏற்றி வருவார். நடுவில் ஷெட்டில் சாப்பிட்டு, சக டிரைவர்களோடு கேரம் ஆடி, ஒரு தூக்கம் போடுவார். வருஷக்கணக்காக அவள் அறிந்த கதை அது.

கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ நகரும் சத்தம். கதவு திறந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றவர் அவள் கணவர்தான். பனியனோடு, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு.

"நீ எப்படி இந்த நேரத்துல?" என்றார்.

"அதை நான் கேக்கணும். உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"வேலை போயிடுச்சா?"

"சேச்சே. நாலு மணிக்கு வண்டி எடுக்கணும்."

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். தேடுகிறோம் என்று காட்டிக்கொள்ளாமலேயே தேடினாள். சமையலறையில் யாருமில்லை. குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. மகன் அறையில் மட்டும் ஒரு மாற்றம். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று அங்கே ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. அதன் காலடியில் இன்னொரு சாக்ஸ். கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ் ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்தது. குடிமாறிய நாளிலிருந்து டிபன் பாக்ஸ் கழுவி வருகிறதே, மனுஷன் இந்த வயதில் திருந்திவிட்டாரே என்று அக்காவிடம்கூடப் பெருமை பேசியிருந்தாள். இப்போது அந்தப் பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தினமும் வர்றீங்களா?"

"ஷெட்டு பக்கத்துலதானே. நடந்தே வந்துடலாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் மென்று விழுங்கினார். "சொல்லக் கூடாதுன்னு இல்ல. நீ கேக்கல. அப்படியே போயிடுச்சு."

"வந்து என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"ஒண்ணும்னா?"

"சாப்பிடுவேன். இப்படி உக்காந்திருப்பேன். போயிடுவேன்."

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதையாக இருந்தது அவளுக்கு. பூதமாவது பல்லைக் காட்டிப் பயமுறுத்தும், ஓடிப்போகலாம். இது சாக்ஸ் தேடிக்கொண்டு நிற்கிறது. கோபப்படலாம் என்றால் எதற்கென்று பிடிபடவில்லை.

"காலையில பஸ் நிறையப் பேச்சு," என்றார் அவர், சாக்ஸை மாட்டியபடி. "சாயங்காலமும் அதே. போதாக்குறைக்கு என்ஜின் சத்தம். ஷெட்டுல அவனுங்க கூச்சல். இங்க கொஞ்ச நேரம் யாருமில்லாம இருந்தா தலைக்குள்ள சத்தம் நிக்குது."

"நான் இருந்தா நிக்காதா?"

அவர் யோசித்தார். யோசிக்காமல் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நீ இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும். ஆனா அது வேற."

வந்த காரியமாவது நடக்கட்டும் என்று, "செடி வைக்கணும். இந்த ரூம்ல வெயில் எப்படி விழுதுன்னு பாக்க வந்தேன்" என்றாள்.

அவ்வளவுதான், மனிதருக்கு முகம் தெளிந்தது. "மத்தியானத்துக்கு முன்னாடி அந்த மூலையில இறங்கும்," என்று கையை நீட்டிக் காட்டினார். "அப்புறம் கட்டில் மேல ஏறி, அலமாரிக் கால் வரைக்கும் போகும். இப்ப பாரு, போய்ட்டிருக்கு. கொஞ்ச நேரத்துல எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டி மறைச்சிடும். அதுவரைக்கும் நல்ல வெயில். ஆனா சுடாது." நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அவர் வெயிலோடு கூடவே போயிருக்கிறார் என்பதைத் தரையில் இருந்த கோடுகளே சொல்லின.

அவள் மகனுக்கென்று ஒதுக்கின அறை. அதன் வெயிலை அவர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார்.

அடுத்த சில நாட்களில் சிஸ்டருக்கு வேலை ஓடவில்லை. "அது வேற" என்றால் எது வேற? கழுத்துக்காரரை முழங்கால் அறைக்கு அனுப்பினாள். அவர் அங்கே படுத்து, காலில் கருவியை மாட்டிவிடும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அக்கா, "குடிக்கிறாரா? இல்ல. ஊர் சுத்தறாரா? இல்ல. வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்திருக்காரு. இதுக்கு என்னடி பஞ்சாயத்து?" என்றாள். அதுவும் சரிதான். சரி என்று தெரிந்தும் உள்ளே ஏதோ ஒன்று அடங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் தன்னோடு இருந்தவர் தான் இல்லாத ஒரு வேளையைத் தேடிக்கொண்டது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவு கட்ட முடியவில்லை.

மறுபடி நர்சரிக்குப் போனாள்.

"வெளிச்சம் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். நல்ல வெளிச்சம். ஆனா அந்த வெளிச்சத்துல ஆள் உக்காந்திருக்காரு."

நர்சரிக்காரர் ஹோஸை மூடினார். "அப்ப?"

"அவருக்கு மறைக்காத மாதிரி ஒண்ணு குடுங்க. ஹால்ல, செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல வச்சுக்கறேன். அங்க வெயில் வராது."

அவர் இன்னொரு இசட் இசட் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கணவர் இரவு வந்து பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். ஜன்னல் ஓரம் ஏன் வைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஒரு வாரம் போனது. செருப்பைக் கழற்றும்போது, கோணலாக வளர்ந்த ஒரு தண்டு கண்ணில் பட்டது. காலையில் அது சுவரைப் பார்த்து இருந்தது. இப்போது வாசலைப் பார்த்து இருந்தது. மறுநாள் வேறொரு பக்கம்.

"செடியை யாரு நகத்தறது?" என்று கேட்டாள்.

அவர் சட்டை மாட்டும் ஆணியைப் பார்த்துக்கொண்டே, "மத்தியானம் அந்த ரூமுக்கு எடுத்துட்டுப் போவேன். போகும்போது திருப்பி வச்சிடுவேன்" என்றார்.

"யாருமில்லாம இருக்கணும்னுதானே சொன்னீங்க?"

"செடி பேசாதுல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே புரிந்தது போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டார். சிஸ்டருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து, எது முந்துவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை அக்காவிடம் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டாள். மத்தியானத்துக்கு முன்பே மகன் அறைக்குள் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் அவர் சொன்ன மூலையில்தான் இறங்கியது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் செடித்தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தவர், அவளைப் பார்த்து நின்றார். பிறகு தொட்டியை வெயிலில் வைத்தார். கட்டிலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்.

பேசக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்திலேயே நாக்கு அரித்தது. எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி துணி காயப்போடுவதைப் பற்றிச் சொல்ல வந்தது, விழுங்கினாள். அக்கா காலைப் பற்றி வந்தது, அதையும் விழுங்கினாள். மகன் நேற்று அனுப்பிய போட்டோவைப் பற்றி வாய்வரை வந்துவிட்டது. திரும்பினாள். அவர் சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப் போயிருந்தார். டிபன் பாக்ஸ் மடியில் பாதியில் இருந்தது. அதை எடுத்து மூடி வைத்தாள். தான் இருப்பதால் தூங்கினாரா, தான் இருந்தும் தூங்கினாரா என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் அறைக்குள் வந்த பிறகு அவர் கண் விழித்தார்.

"நீ போகலியா?" என்றார்.

போகச் சொல்கிறாரா, போகாததற்குச் சந்தோஷப்படுகிறாரா? குரலில் இரண்டும் இருந்த மாதிரியும் இருந்தது, இரண்டும் இல்லாத மாதிரியும் இருந்தது.

"போகணும். அக்கா காத்துட்டிருப்பா."

அவர் எழுந்து சட்டையை உதறினார். "அடுத்த செவ்வாயும் இருப்பியா?"

"இருக்கவா, வேண்டாமா?"

அவர் மறுபடி யோசிக்க ஆரம்பித்தார். சிஸ்டர் இந்தத் தடவை அந்த யோசனை முடியும்வரை நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது.