ஒன்பது மணிவரை அடைத்திருக்க வேண்டிய கூடு

மார்ச் ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு, என் மருமகன் என்னைக் கேளாமல் வாத்துக் கூட்டைத் திறந்துவிட்டார். இதுவே என் குறை.

வாத்துகள் பெரும்பாலும் ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதுவரை அடைத்து வைத்தால் கூட்டிலேயே இடும். என் மனைவி வைக்கோல் பரப்பி, நடுவில் மரத்தாற் செய்த முட்டை ஒன்றை வைத்து, மூன்று வாரம் அவற்றைப் பழக்கியிருந்தாள். மருத்துவமனைக்குப் போனபோது அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தாள். சாவியைப் பூட்டிலேயே விட்டது என் தவறுதான், மறைக்கவில்லை.

“பாவம் மாமா, அதுங்க கத்துறதைக் கேக்கச் சகிக்கல,” என்றார் மருமகன்.

“காப்பி வர்ற வரைக்கும் நீங்களும்தான் கத்துறீங்க மாப்பிள்ளை. உங்களைத் தெருவுலயா விட்டோம்?” என்றேன்.

அதற்குள் கறுப்பு வாத்து வேலியோரப் புதரில் முட்டையிட உட்கார்ந்திருந்தது. நாங்கள் ஓடிச் சேர்வதற்குள் தெருநாய் அதைக் கவ்விச் சென்றுவிட்டது. சூடு ஆறாத முட்டை மட்டும் கிடந்தது.

மாலையில் வீடு திரும்பிய மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “கறுப்பி எங்கங்க?” என்றாள். நான் அந்த ஒற்றை முட்டையை அவள் கையில் வைத்தேன்.

படிப்பவரே, ஒன்பது மணிக்கு முன் கூட்டைத் திறக்காதீர்கள். மனம் இளகினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.