இருநூறு யூனிட்டுக்கு மேல்

ஜூன் 12, வியாழன்.

ஒரு சிறு தவறு. மார்ச்சில் நான் செய்த கேஸ், கரண்ட் ஒப்பீட்டில் கரண்டுக்கு ஒரே விலை போட்டிருக்கிறேன்: யூனிட் ஆறு ரூபாய். இருநூறு யூனிட் வரைக்கும்தான் ஆறு. அதற்கு மேல் பன்னிரண்டு. நானூறைத் தாண்டினால் இருபத்து நான்கு.

‘சிறு’ என்பதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தால் பக்கம் அசிங்கமாகும். இருக்கட்டும்.

ஆறு என்ற எண்ணை எங்கள் வீட்டு பில்லிலிருந்துதான் எடுத்தேன். நாங்கள் மாதம் நூற்றைம்பது யூனிட்டைத் தாண்டியதே இல்லை. எந்தப் படி வரை செலவழித்தோமோ அந்தப் படிக்குத்தான் பில்லில் விலை அச்சாகும். மேலே இன்னும் இரண்டு படி இருப்பது எங்கள் சிக்கனத்தால் எனக்குத் தெரியாமல் போயிற்று. பகல் முழுவதும் மருந்துக்கடையில் பில் போடுகிறவள் நான். பெருக்கலை மூன்று முறை சரிபார்த்தேன். விலையை யாரிடமும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நான் போகும் மாலை நேரக் கணக்கியல் வகுப்பில், வீட்டுச் செலவு ஒன்றை எடுத்து ஒப்பிடச் சொன்னார்கள். சமையல் அடுப்பையும் அண்ணனின் டாக்ஸியையும் எடுத்துக்கொண்டேன். வண்டி கேஸில் ஓடினால் கிலோமீட்டருக்கு மூன்றரை. கரண்டில் ஓடினால் ஒன்று. ஆசிரியர் பத்துக்குப் பத்து போட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

அண்ணன் மாதம் நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன். மிச்சமாகும் பணத்திலேயே புது வண்டியின் தவணையைக் கட்டிவிடலாம் என்று நோட்டில் இருந்தது. கேஸ் டாக்ஸியை மெக்கானிக்குக்கு விற்று, அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி, மே முதல் வாரம் கரண்ட் வண்டி எடுத்தான். அண்ணி கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கரண்ட் அடுப்பு வாங்கினாள்.

இன்று வண்டி வந்த பிறகான முதல் பில் வந்தது. ஆயிரம் யூனிட். பதினெட்டாயிரம்.

நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணி பில்லைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“வாங்க ஆடிட்டரம்மா. இது யார் வீட்டு பில்லு, பக்கத்து ஃபேக்டரியோடதா?”

வாங்கிப் பார்த்தேன். மூன்று வரி, மூன்று விலை.

“தப்பு என்னோடதுதான் அண்ணி.”

“அது தெரியுது. இனிமே பால் காய்ச்சணும்னா உன் நோட்டைக் கேட்டுட்டுத்தான் காய்ச்சணுமா?”

“விடுடி,” என்றான் அண்ணன். சாப்பாட்டு மேசையில் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். “வண்டிக்கு மட்டும் எவ்வளவும்மா?”

திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதினாறாயிரத்து இருநூறு. கிலோமீட்டருக்கு மூன்று அறுபது. கேஸைவிடப் பத்துக் காசு கூடுதல். தவணை தனி.

“பத்துக் காசுதானா?” என்று சிரித்தான். அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வகுப்புக்குப் போகவில்லை. பழைய வண்டி திரும்பக் கிடைக்குமா என்று கேட்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வண்டி வாசலிலேயே நின்றது. கழுவித் துடைத்து, கண்ணாடியில் புது போன் நம்பர் ஒட்டியிருந்தது.

“விற்கிறதுக்கில்ல டிரைவரே,” என்றார் மெக்கானிக், கையைத் துணியில் துடைத்தபடி. “இப்ப நானே ஆள் வச்சு டாக்ஸி ஓட்டுறேன். நல்ல வண்டி. எல்லாரும் கரண்டுக்கு ஓடுறாங்க, இது கேஸ்ல ஜம்முன்னு போகுது.”

“எனக்குத் தெரியாதாண்ணே, பதினோரு வருஷம் ஓட்டினவன்.”

“அதான் சொல்றேன். என் ஆளு நேத்துதான் நின்னுட்டான். தினக்கூலிக்கு வர்றீங்களா? தவணைக்கு ஆகும்ல?”

தவணை விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று அண்ணனைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பில் வருவதற்கு முன்பே யாரிடமோ புலம்பியிருக்கிறான், என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

“அண்ணா, வேணாம். வேற வழி பார்க்கலாம். நான் கணக்குப் போட்டு—”

“நீ போட்டது போதும்மா,” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். பிறகு மெக்கானிக்கிடம், “காலைல எத்தனை மணிக்குண்ணே?”

“ஆறுக்கு. சாவி உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துலதான்.”

திரும்பி வரும்போது அண்ணன் கரண்ட் வண்டியை மிக மெதுவாக ஓட்டினான். வீட்டில் வண்டியை நிறுத்தியதும் சார்ஜர் ஒயரை எடுக்கப் போனேன்.

“சொருகாத,” என்றான்.

நாளை: மருந்துக்கடையில் அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். மின்சார அலுவலகத்தில் எல்லாப் படியும் உள்ள முழு விலைப்பட்டியல் வாங்க வேண்டும். வண்டிக்குத் தனி மீட்டர் உண்டா, அதற்கு யூனிட் என்ன விலை என்று ஆளிடமே கேட்டு எழுத வேண்டும். பத்து மணிக்குத் திறப்பார்கள்.