கேட்காதவருக்கு வந்த போன்

கடிகாரம் பழுதுபார்ப்பவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேருந்து நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய கடைகளில் ஒன்று தனக்கென்று நம்பியிருந்தார். பட்டியலில் பெயர் இல்லை. ஏனென்று தகவல் கேட்டு மனுப் போட்டார். ‘காது கேளாது, எழுத்தில் தொடர்புகொள்ளவும்’ என்று அடிக்கோடிட்டும் எழுதியிருந்தார். வந்ததோ ஒரு குறுஞ்செய்தி: மனுதாரரைத் தொலைபேசியில் அழைப்போம், அவரே பேசாவிட்டால் மனு முடிக்கப்படும்.

அன்று முதல் அவர் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கப் போகும்போதும் அவர் போன் அவள் கூடவே போனது. அது அடித்த நேரம், பக்கத்தில் அவள் தம்பி இருந்தான்.

“மாமா மாதிரி நீயே பேசிடுடா,” என்று அவன் கையில் திணித்தாள்.

அவன் குரலைக் கனமாக்கிக்கொண்டான். “ஆமா, நான்தான். நல்லாக் கேக்குது, சொல்லுங்க.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

“கேக்குதுன்னு ஏன்டா சொன்னே?”

“போன்ல எல்லாரும் அப்படித்தானேக்கா சொல்வாங்க?”

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாயிற்று. கணவரிடம் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சைகை காட்டி, மறுநாள் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள்.

“நேத்து நல்லாப் பேசினாரே,” என்றார் தகவல் அதிகாரியம்மா. “இதை மேல எழுதினா கடை என்ன, காது கேக்காதுங்கிற சான்றிதழே போயிடும்.”

“பேசினது என் தம்பி மேடம்.”

“மாட்டிக்கிட்டதும் தம்பி வந்துட்டாரா?”

கணவர் அவள் முழங்கையை அசைத்து, என்ன என்று கேட்டார். அவள் விரல்கள் மெதுவாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தன. வேறு யாரோ திறந்து கெடுத்த கடிகாரத்தைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். பிறகு தன் போனை மேசையில் வைத்து, அழையுங்கள் என்று அதிகாரிக்குச் சைகை காட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதிகாரி எண்ணை அழுத்தினார். மணி அலறியது. “யாருதுங்க, எடுத்துத் தொலைங்க,” என்று பின்மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முதுகு அசையவில்லை. அவளுக்கோ வேறு கவலை. ஒரு ஈ கழுத்தில் உட்கார்ந்து, அவர் இந்த நேரம் பார்த்துத் திரும்பிவிட்டால்?

மணி ஓய்ந்தது. ஓய்ந்தது அவருக்குத் தெரியாது, நின்றுகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பது? அதிகாரி எழுந்தார். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு எதிரே நின்றார்.

அவள் பதறி எழுந்தாள். “நான் சொல்றேன் மேடம்.”

“நீங்க உக்காருங்கம்மா. அவர்கிட்டயே கேட்டுக்கிறேன்.”

“மனு?”

“இன்னும் முடிக்கல.”

ஜன்னல் திண்டில் தாளை வைத்து அதிகாரி எழுதினார். கணவர் படித்தார், பேனாவை வாங்கினார். என்ன எழுதுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்திருந்தாள்.