ஆறு கிளிக்

கண்ணாடிக்காரருக்கு வாரத்தில் ஆறு நாளும் ஒரே வேலை. இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து, மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்க வேண்டும். உட்கார்ந்தவர் திருதிருவென்று விழிப்பார். "ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தெரியுது" என்பார். பதினேழு வருடமாக அப்படி விழித்தவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்த மனிதர், போன ஒரு வருடமாகத் தானே விழித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு பைக்கால் வந்தது.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக். கை மாறி வந்த வண்டிதான், ஆனால் அறுநூறு சிசி. இவரும் மச்சானும் சேர்ந்து வாங்கியது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், தொண்ணூற்றைந்து கிலோ, வாய் அதற்கு மேல். கண்ணாடிக்காரர் அறுபது கிலோ, வாயே கிடையாது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பதால் வா, போ என்றுதான் பேச்சு. ஒரு ஞாயிறு இவருக்கு, அடுத்த ஞாயிறு அவருக்கு.

மனஸ்தாபம் வரக்கூடாது என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஓட்டிவிட்டு வருகிறவர் பெட்ரோல் நிரப்பி, செயினைத் துடைத்து, பின் சக்கரத்து ஷாக் அப்சார்பரில் இருக்கும் சின்னத் திருகை ஆறாவது கிளிக்கில் வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். அந்தத் திருகுதான், அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக மேலே எழும்ப வேண்டும் என்று முடிவுசெய்வது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினால் 'டிக்', 'டிக்' என்று இருபது தடவை கேட்கும். ஆறுதான் சரி என்று மச்சான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். வழியில் யாராவது தொடுவதாக இருந்தால் தொட்டுக்கொள்ளலாம், வீடு திரும்பியதும் ஆறு. கண்ணாடிக்காரர் வழியில் தொட்டதே இல்லை. ஆறு என்றால் ஆறு, அவர் சுபாவம் அப்படி.

வாங்கிய மூன்றாம் மாதம் அவர் விழுந்தார். ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி தாண்டி ஒரு பெரிய வளைவு; அதில் மணல் கிடந்தது, வழுக்கிவிட்டது. முழங்கையில் தோல் போனதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதெல்லாம் பின்பக்கம் எம்பி எம்பிக் குதித்தது. அது குதிப்பதற்கு முன்னாலேயே அவருடைய வலது கை தானாக ஆக்சிலேட்டரை மூடிவிடும். வண்டியால் கை பயப்படுகிறதா, கை பயப்படுவதால் வண்டி குதிக்கிறதா என்று அவருக்கு விளங்கவே இல்லை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். டயர்க் கடைக்காரர் டயர் என்றார். பிரேக் ஹோஸை மாற்றாமல் மற்றதைத் தொடுவதே தப்பு என்றார் இன்னொருவர். மச்சானுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் சைலன்சர் மாற்ற வேண்டும். "சத்தம் கெத்தா இருந்தா தைரியம் தானா வரும் மாப்ள" என்பது அவர் கட்சி. கண்ணாடிக்காரர் ஒரு காகிதத்தில் வரிசை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினார். திங்கட்கிழமை டயர் முதலில் இருக்கும், புதன்கிழமை முன் ஃபோர்க் ஸ்பிரிங் முதலிடத்துக்கு ஏறும், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதுக் காகிதம் வரும்.

"அந்த வரிசையில நம்ம வாஷிங் மெஷின் எத்தனாவதுங்க?" என்று மனைவி கேட்டாள்.

டயர் வந்தது, பிரேக் ஹோஸ் வந்தது, ஃபோர்க் ஸ்பிரிங்கும் வந்தது. வாஷிங் மெஷின் வரவில்லை. ஒவ்வொன்றும் வந்த பிறகு கண்ணாடிக்காரர் அந்த வளைவுக்குப் போவார். பின்பக்கம் குதிக்கும், கை மூடும். திரும்பி வந்து, "பரவாயில்ல மச்சான், நல்லா வித்தியாசம் தெரியுது" என்று கூசாமல் பொய் சொல்வார். அடுத்த ஞாயிறு மச்சான் போய்விட்டு வாயெல்லாம் பல்லாக வந்து நிற்பார். "தண்டவாளத்துல போற மாதிரி போகுது மாப்ள. அந்த வளைவுல படுத்துத் தூங்கலாம்."

அதைக் கேட்டதும் இவர் மனதுக்குள் கணக்குப் போடுவார். அதே வண்டி, அதே டயர், அதே ஆறு கிளிக். தன்னைவிட முப்பத்தைந்து கிலோ கூடுதலான ஆள் படுத்துத் தூங்குகிறார். அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்போது மனைவியிடம் சொல்லிவிட்டார். "நாளைக்கு சஸ்பென்ஷன் மேடத்துக்கிட்ட காட்டப் போறோம். வண்டியில ஒண்ணும் இல்லன்னு அவங்க சொல்லிட்டா, என் பங்கை உங்கண்ணனுக்கே விட்டுடறேன். நான் லாயக்கில்ல."

வழக்கம்போல் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் செய்யவில்லை. "அப்ப ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆறு நாள் அடுத்தவர் கண்ணுக்காக உழைத்து, ஏழாவது நாள் தனக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான். அது போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

வண்டிகளின் ஸ்பிரிங், ஷாக் வேலை மட்டும் பார்க்கும் சஸ்பென்ஷன் மேடத்தின் பட்டறை அந்த வளைவிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. கட்டையான உருவம், கையில் எப்போதும் ஒரு துணி, ஒரு வார்த்தையில் முடிவதை இரண்டு வார்த்தையில் சொல்லாத குணம். கண்ணாடிக்காரரை வண்டியில் உட்காரச் சொல்லி, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்துப் பார்த்தார். இறங்கச் சொல்லி, சீட்டை ஒரு அழுத்து அழுத்தி விட்டார். வண்டி மேலே எம்பி, திரும்ப இறங்கி, மறுபடி எம்பி, அப்புறம்தான் நின்றது.

"யார் செட் பண்ணது?"

"நான்தான். ஆறுல இருக்கு" என்றார் மச்சான் பெருமையாக.

மேடம் ஸ்க்ரூடிரைவரைக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினார். "எண்ணுங்க."

கண்ணாடிக்காரர் மண்டியிட்டு, திருகை இறுகும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே எண்ணினார். ஆறில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏழு, எட்டு, பத்து. பதினாலில் போய் முட்டியது. ஒருவேளை தப்பாக எண்ணிவிட்டோமோ என்று தலையைச் சொறிந்தார்.

"மச்சான், பதினாலு வருதே. நீ ஆறுல வைக்கலையா?"

"என்ன மாப்ள பேசற? வச்சுட்டுத்தானே சாவி குடுத்தேன்." மச்சானுக்குக் கோபமே வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். திருகை முட்டுகிற வரைக்கும் தளர்த்தினார், பிறகு ஆறு கிளிக் இறுக்கினார். "பாரு. ஆறு."

"அப்படி இல்லையே." கண்ணாடிக்காரர் வாங்கி, முட்டுகிற வரைக்கும் இறுக்கினார், பிறகு ஆறு கிளிக் தளர்த்தினார். "இதுதானே ஆறு?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டுமே ஆறுதான். ஆனால் திருகு நிற்கும் இடம் வேறு.

"எங்க வேலையில எதையும் முழுசா தளர்த்திட்டுத்தான் ஆரம்பிப்போம்" என்றார் மச்சான், குரல் இறங்கி.

மேடம் கையைத் துடைத்துக்கொண்டார். "இறுக்கத்துல இருந்துதான் எண்ணணும். உங்களுக்குள்ள எட்டு கிளிக் வித்தியாசம். ஒருத்தருக்கு அடுத்தவர் செட் பண்ணிக் குடுத்திருக்கீங்க. வெயிட்டான ஆளுக்கு இறுக்கம், அவருக்கு அமைஞ்சு போச்சு. ஒல்லியான ஆளுக்குத் தளர்வு, அதான் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கு. டயர் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்திருக்கணும்."

ஒரு வருடம். கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மெல்ல மெல்ல உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. கோளாறு வண்டியில்தான், தன்னிடம் இல்லை.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "மாப்ள, அப்ப நீ விழுந்தது என்னாலதானா?"

"சேச்சே, அது மணல் மச்சான்" என்றார் இவர். தாராளமாக மன்னிக்க முடிகிற நிலையில் இருந்தார்.

மேடம் இவருடைய எடைக்கு ஸ்பிரிங்கைச் சரிசெய்து, திருகை இறுக்கத்திலிருந்து பத்தில் வைத்தார். அழுத்தி விட்டால் வண்டி ஒரே தடவை எழும்பி அடங்கியது. "போய்ப் பாத்துட்டு வாங்க."

போனார். வளைவு வந்தது. சாய்த்தார். பின்பக்கம் குதிக்கவில்லை, சாலையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக வந்தது. இவ்வளவு நல்ல வண்டியா இது என்று நினைத்து முடிப்பதற்குள் அவருடைய வலது கை ஆக்சிலேட்டரை மூடிவிட்டது.

பழக்க தோஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். இரண்டாம் தடவையும் மூடியது. மூன்றாம் தடவை பற்களைக் கடித்துக்கொண்டு போனார்; வளைவுக்கு வெகு முன்னாலேயே மூடிவிட்டது. சாலையோரம் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். வண்டியில் இனி ஒரு குறையும் இல்லை. வரிசையில் எழுதிச் சேர்க்கவும் ஏதும் இல்லை. இந்த ஒரு வருடமும் வண்டியில் ஒரு கோளாறு இருந்தது எவ்வளவு வசதியாக இருந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பட்டறை வாசலில் மச்சான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். "எப்படி மாப்ள? நல்லா இருக்கா?"

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தனை தடவை சொல்லிப் பழகியது.

"வண்டி அருமையா இருக்கு மச்சான்" என்றார். "எனக்குத்தான் பயமா இருக்கு. விழுந்த நாள்ல இருந்தே. ஒவ்வொரு சாமானா வாங்கினா போயிடும்னு நெனச்சேன். போகல."

மச்சான் உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். இப்போது குனிந்து புது டயரைத் தடவிக்கொண்டிருந்தார். மேடம் உள்ளே போய் வேறு எதையோ தேடுவதுபோல் இருந்தார்.

"பயமா இருந்தா மெதுவா போயேன் மாப்ள" என்றார் கடைசியில். "யாரு உன்ன வேகமா போகச் சொன்னது?"

"இந்த வண்டியிலயா?"

"இந்த வண்டியிலதான். போ."

கண்ணாடிக்காரர் மறுபடி கிளம்பினார். நாற்பதில் போனார். வளைவுக்கு முன்னால் முப்பதுக்கு இறக்கினார். பின்னாலிருந்து ஹாரன் சத்தம். கால்களுக்கு நடுவே தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு ஒரு அம்மா ஸ்கூட்டரில் அவரைத் தாண்டிப் போனார். தாண்டும்போது வண்டியையும் ஆளையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு போனார். காதெல்லாம் சூடானது. ஆனால் கை மூடவில்லை. வளைவு முழுக்க, முப்பதிலேயே, ஆக்சிலேட்டர் ஒரே அளவில் நின்றது. பயமும் போகவில்லை. மூடாத கையோடும் போகாத பயத்தோடும் அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.