'வரேன்' பொத்தான்

"காலனி நம்பர் எல்லாத்தியும் பிளாக் பண்ணிடும்மா" என்று எல்லப்பன் சொன்னதும் ஷாரோனுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் அவர் நடத்துவது, வயல் வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் இணையதளம். நிலக்காரர் வேலையைப் போடுவார். கூலியாள் போனில் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும் 'வரேன்' பொத்தானை அமுக்கினால் வேலை உறுதி. மானாம்பதி காலனிக்காரர்கள் அமுக்கிவிட்டு வராமல் ஏமாற்றுகிறார்கள் என்று நிலக்காரர்கள் தினமும் கத்துகிறார்கள். தளத்துக்கு நிரல் எழுதும் ஷாரோன் பிறந்து வளர்ந்தது அந்தக் காலனியில்தான். அது எல்லப்பனுக்கும் தெரியும். தெரிந்துதான் அவளிடம் சொன்னார்.

"சார், யாரு எத்த அமுக்குறாங்கன்னு எண்ணுற கணக்கு இப்ப அவங்கவங்க போன்லதான் ஓடுது. பழைய போன்ல அது ஓடவே மாட்டேங்குது. யாரு எந்தப் பக்கத்துல இருந்து அமுக்குறாங்கன்னு சர்வர்லயே பதிவாகுற மாதிரி எழுதுறேன். பாத்துட்டு அப்பறம் பேசலாம்."

"எழுது, எழுது. உங்க ஆளுங்க லட்சணம் உனக்கே தெரியட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஏற்றியதும் வரிவரியாக வர ஆரம்பித்தது. அட, வேலையே இல்லாத பக்கத்திலும் 'வரேன்' அமுக்கியிருந்தார்கள்! இல்லாத வேலைக்கு வராமல் யாரை ஏமாற்றுவது? காலனிப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் கடைசி அமுக்கல். அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

சாயங்காலம் நேரே பெரியம்மா ஜெயம்மாள் வீட்டுக்குப் போய், வேலை பார்ப்பதைக் காட்டச் சொன்னாள்.

ஜெயம்மாள் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "பெருநகர் கிராமத்துல நடவு கீது. அவ்ளோ தூரம் யாரு போறது?" என்றபடியே அடியில் தேடி 'வரேன்' பொத்தானை அழுத்தமாக அமுக்கினாள்.

"ஐயோ பெரிம்மா! வேணாம்னுட்டு அத்த ஏன் அமுக்குற?"

"இன்னாடி இப்டி கேக்குற? பாத்தாச்சி, கெளம்புறோம். வரேன்னு ஒரு வார்த்த சொல்லாம போனா மரியாதியா கீதா?"

ஷாரோனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மரியாதையாக விடைபெற்றவர்களுக்கு ஏமாற்றுக்காரர் பட்டமா? என்ன அநியாயம் இது!

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பொத்தானில் 'வேலைக்கு வரேன்' என்று மாற்றினாள். அதன் கீழே 'போயிட்டு வரேன்' என்று இன்னொன்றும் வைத்தாள். பிறகுதான் எல்லப்பனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அவங்களுக்குப் புரியலன்னா நான் இன்னா பண்றது? நிலக்காரங்க பேஜார் பண்றாங்க. மொதல்ல பிளாக் பண்ணு."

"பண்ண மாட்டேன் சார்." அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "தப்பு பொத்தான்ல இருந்த வார்த்தையில. அத்த வெச்சது நீங்க."

எல்லப்பனுக்கு முகம் கறுத்தது. "கீழ ஒண்ணு வெச்சிருக்கியே, அது இன்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. மரியாதிக்குக் கீது."

"நாளைக்கு மானாம்பதி நடவுக்கு இவங்க வரலன்னா நீயும் இங்க வராத."

"வருவாங்க. நீங்களும் வயலுக்கு வந்து பாருங்க சார்."

அப்போது திரையில் ஒரு வரி விழுந்தது: ஜெயம்மாள், மானாம்பதி நடவு, வேலைக்கு வரேன். அடுத்தடுத்து காலனிப் பெயர்கள் வந்தன. எல்லப்பன் திரையை அணைக்கக் கை நீட்டினார். ஷாரோன் குறுக்கே கை வைத்து மறித்தாள். அவள் விரல்களுக்கு மேலே 'போயிட்டு வரேன்', 'போயிட்டு வரேன்' என்று வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன.