அழாத பிள்ளை

"சின்ன வயசுல எப்படி இருந்தா?" என்று டாக்டரம்மா கேட்டதும், நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பேக்கரி மாஸ்டருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்த ஒரு கேள்விக்காவது அவரிடம் பதில் இருந்தது.

"தங்கம் மேடம். அழவே மாட்டா."

மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. போன வாரம் ஒரு மத்தியானம், வீட்டிலிருந்த மாத்திரைகளை விழுங்கிவிட்டாள். பிழைத்துக்கொண்டாள். ஏன் என்று யார் கேட்டும் வாய் திறக்கவில்லை.

மாஸ்டருக்கு ராத்திரி முழுக்க அடுப்பு வேலை. விடியும்போது ரொட்டி கடைக்குப் போகும், அவர் படுக்கைக்குப் போவார். வீடோ ஒற்றை அறை. பகல் தூக்கம் கெட்டால் ராத்திரி அடுப்பில் கை வெந்துபோகும்; ஒருமுறை வெந்தும் போனது. அதனால் பிள்ளை தவழும்போதே அவர் மனைவி உதட்டில் விரல் வைத்துக் காட்டிப் பழக்கினாள். பிள்ளையும் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டது. முகம் கோணும், கண்ணீர் வழியும், சத்தம் மட்டும் வராது. பார்க்க வந்த உறவெல்லாம் வாயைப் பிளந்தது. கண் பட்டுவிடுமே என்று இவர்கள் பயந்தார்கள். வேறு எதற்கும் பயப்படத் தெரியவில்லை, பாவம்.

மனைவி தன் பங்குக்கு, விசேஷ வீடுகளில் எல்லாரையும் சிரிக்கவைக்கும் கதையை எடுத்துவிட்டாள். பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்து உதடு கிழிந்ததாம். ரத்தம் ஒழுக, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சமையல் மூலைக்கு வந்து நின்றதாம். "இவரு ஒரு கொறட்டை கூட கொறையாம தூங்குறாரு மேடம்" என்று முடிக்கும்போது அவளுக்கே குரல் இறங்கிவிட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு வயிறு வலிச்சப்ப யாரையாவது கூப்பிடணும்னு தோணலையாம்மா?"

"தோணுச்சு. பயமா இருந்துச்சு. எழுப்பலாம்னு பக்கத்துல போய் உக்காந்தேன்."

"அப்புறம்?"

"அப்பா தூங்கிட்டு இருந்தாரு."

அதில் கோபமே இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். திட்டியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். அன்றைக்கு அவருக்கு அடித்துப் போட்டது போன்ற தூக்கம். வேலை முடிந்து வந்த மனைவி போட்ட கூச்சலில்தான் விழித்தார். எத்தனை நேரம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோ.

மறுநாள் மத்தியானம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். லீவு போட்டிருந்த மாஸ்டர், உடம்பு கேட்காமல் பாயில் சாய்ந்தார். மகள் நுனிக்காலில் நடப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"குட்டி, நல்லா சத்தம் போட்டு நடம்மா. பாத்திரத்த உருட்டு, பாட்டு வை. அப்பா ஒன்னும் சொல்ல மாட்டேன்."

"சரிப்பா" என்றாள். அதுவும் காதோடு காதாகச் சொல்வதுபோல் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார். தெருவில் ஒரு வண்டி போனது. மாடியில் யாரோ எதையோ இழுத்தார்கள். தன் வீட்டுக்குள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தூக்கிவாரிப்போட்டுக் கண்ணைத் திறந்தார்.

அவள் சமையல் மூலைக் குழாயடியில்தான் நின்றிருந்தாள். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் அதன் ஓரமாகவே வழுக்கி இறங்கும்படி நிரப்பிக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டு, மேடையில் வைக்கும்போது டம்ளருக்கு அடியில் தன் விரலைக் கொடுத்து, மெல்ல உருவிக்கொண்டாள்.