மெஷின் நின்றால் விழிப்பு

ஜெலுத்தோங்கில் இடித்த பழைய தொழிற்சாலையின் கான்கிரீட்டை நான் எக்ஸ்கவேட்டரில் அள்ளி, கல் நொறுக்கும் மெஷினுக்குள் போடுவேன். மெஷினை ஓட்டுவது வாசு அண்ணன். இரும்புத் தாடைகள் கட்டிகளை மென்று நொறுக்கும். உள்ளே இருக்கும் கம்பியைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். பெல்ட்டின் மறுமுனையில் ஜல்லி விழும். இதே இடத்தில் வரப்போகும் சாலைக்கு அதுதான் அடித்தளம்.

எதிரே இருக்கும் அடுக்குமாடி ஃபிளாட்டில், எட்டாம் மாடியில் அண்ணனுடைய வீடு. அவர் மனைவி நவமணி அக்காவுக்குப் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம். காலையில் வந்துதான் படுப்பார். முதல் வாரம் எங்கள் சத்தத்தில் கண்ணே மூடவில்லையாம். பிறகு பழகி, சத்தம் நின்றால்தான் விழிப்பு என்றாகிவிட்டது. ஒரு மணிக்கு நாங்கள் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது எழுந்துகொள்வார்.

தாடையில் கட்டி சிக்கினால் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிய பிறகே கைவைக்க வேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி. கொஞ்ச நாளாக அண்ணன் அணைப்பதில்லை. ஓடும் மெஷின்மேல் ஏறிக் கடப்பாரையால் குத்துவார். இந்த வயதில் என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி சிக்கியது.

"அண்ணே, நிறுத்துங்க லா," என்று வாக்கி டாக்கியில் சொன்னேன். கையை ஆட்டிவிட்டு ஏறினார். மெஷினை நிறுத்தும் ரிமோட் என் கேபினிலேயே இருந்தது, நானாவது நிறுத்தியிருக்கலாம். தாடை கடப்பாரையைக் கவ்வி உதறிய பிறகுதான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே கடப்பாரையின் அடி ஹெல்மெட்டோடு போனது. நெற்றியில் மட்டும் ரத்தம்.

"பைத்தியமாண்ணே உங்களுக்கு? நிறுத்துனா என்னா?"

"இப்பதான் படுத்திருப்பா, தயாளா. நிறுத்துனா முழிச்சிக்குவா."

அவரை அறையலாம் போல இருந்தது.

பத்து நிமிடத்தில் நவமணி அக்கா கேட்டில் நின்றார். நைட்டிமேல் துண்டு, ஜோடி மாறிய செருப்பு. அண்ணன் நெற்றியில் கட்டியிருந்த துணியையும் வளைந்த கடப்பாரையையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததை நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

அக்கா அழவில்லை. "சத்தம் நின்னா முழிப்பேன். ஜன்னல்ல வந்து பார்ப்பேன். நீங்க கீழ நிக்கிறது தெரிஞ்சா திரும்பப் படுத்துக்குவேன். அவ்வளவுதாங்க," என்றார்.

இப்போதெல்லாம் கட்டி சிக்கினால் அண்ணன் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, எட்டாம் மாடியைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார். ஜன்னல் திறந்து மூடுகிறது. அதற்குப் பிறகுதான் கடப்பாரையைத் தொடுகிறார்.